ஒரே வீடு, ஐந்து வரிசைகள்: நாஜி காலத்து யூதக் குடும்பமொன்றின் காகிதங்களை வாசிப்பது எப்படி

1938க்கும் 1941க்கும் இடையில் வியன்னாவிலிருந்தோ பெர்லினிலிருந்தோ கிளம்பப் பார்த்த ஒரு யூதக் குடும்பத்தின் காகிதக் கட்டு கையில் கிடைத்தால், பெரும்பாலோர் முதலில் கடிதங்களைத்தான் பிரிப்பார்கள். கடிதங்கள் காத்திருக்கட்டும். முதலில் ஒவ்வொரு காகிதமும் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். வரிச் சான்று எதுவரை, கடவுச்சீட்டு எதுவரை, விசா எதுவரை, கப்பல் எந்த நாள் என்று நான்கையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். அப்பா ஷாங்காயிலும் அம்மா லண்டனிலும் பிள்ளைகள் இருவரும் இரண்டு வேற்று வீடுகளிலும் பாட்டி வியன்னாவிலும் சிதறியது எப்படி என்பது பாதிக்கு மேல் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

‘ஏன் எல்லோரும் சேர்ந்து கிளம்பவில்லை?’ பேரப்பிள்ளைகள் இதைக் கேட்கும்போது கொஞ்சம் குற்றச்சாட்டும் கலந்தே இருக்கும். ஒரே மேசையில் சாப்பிட்ட ஐந்து பேர் ஐந்து தனித்தனி வரிசைகளில் நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான் விடை. யார் எந்த வரிசை என்பதை வயதும், ஆணா பெண்ணா என்பதும், பிறந்த ஊரும், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் முடிவு செய்தன. எந்த வரிசை முதலில் நகர்ந்ததோ அதில் நின்றவர் முதலில் போனார். மற்றவர்கள் ‘அடுத்த மாதம்’ வருவதாக இருந்தது.

வெளியே விடும் காகிதங்கள்

கட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாட்டைவிட்டு வெளியே விடுவதற்கானவை ஒரு பக்கம், இன்னொரு நாட்டுக்குள் விடுவதற்கானவை மறுபக்கம். 1941 வரை நாஜி அரசின் கொள்கை யூதர்களைத் துரத்துவதுதான். ஆனால் சொத்தைப் பிடுங்கிக்கொண்டு துரத்த வேண்டும். அதனால் முதல் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் வரிக் காகிதங்கள்.

அவற்றில் பெரியது ‘ரைஹ்ஸ்ஃப்ளுக்ட்ஷ்டொயர்’, நாட்டைவிட்டுப் போகிறவர் கட்ட வேண்டிய வரி. இது நாஜிகள் கண்டுபிடித்ததல்ல. 1931 டிசம்பரில், பணம் வெளியே ஓடாமல் தடுக்க, நாஜிகளுக்கு முந்தைய ஜெர்மன் அரசான வைமார் குடியரசு போட்ட வரி. முதலில் 2 லட்சம் மார்க்குக்கு மேல் சொத்துள்ளவர்களுக்குத்தான் இருந்தது. 1934இல் நாஜிகள் அந்த வரம்பை 50,000 மார்க்காக இறக்கினார்கள். விகிதம் 25 சதவீதம். கால்பங்குதானே என்று தோன்றும். வரியைக் கணக்கிட்டது பழைய மதிப்பீட்டின்மேல். கடையும் வீடும் உண்மையில் கைமாறியதோ கட்டாய விற்பனையில், அடிமாட்டு விலைக்கு. அந்த விலையும் கையில் வராது, முடக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போகும். அதிலிருந்து எடுக்க ஒவ்வொரு முறையும் அனுமதி வேண்டும்.

1938 ஏப்ரல் 26இல் 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. அந்தப் படிவம் இன்று ஆய்வாளருக்குப் பொக்கிஷம். கடைச் சரக்கு, காப்பீட்டுப் பத்திரம், பியானோ, வெள்ளிக் கரண்டி வரை எழுதியிருக்கும். அன்று அது அரசின் கொள்ளைப் பட்டியல். நவம்பர் 9–10 இரவில் யூதர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு, சேதத்துக்கு யூதர்களே ‘பிராயச்சித்தமாக’ 100 கோடி மார்க் கட்ட வேண்டும் என்று விதித்தபோது, இந்தப் பதிவை வைத்துத்தான் ஆளாளுக்கு 20 சதவீதம் என்று பிரித்தார்கள். நான்கு தவணை. 1939 அக்டோபரில் ஐந்தாவது தவணை சேர்ந்து 25 சதவீதமானது. ரைஹ்ஸ்ஃப்ளுக்ட்ஷ்டொயரும் இந்தப் ‘பிராயச்சித்த’ வரியும் தனித்தனி. ரசீதுகளைக் கூட்டும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

எல்லாம் கட்டிய பிறகுதான் ‘பாக்கி ஏதுமில்லை’ என்ற சான்று. ‘உன்பெடென்க்லிஷ்கைட்ஸ்பெஷைனிகுங்’ என்ற நீளமான தலைப்போடு இருக்கும். கட்டில் அதைத் தேடிப் பிடியுங்கள். அது சில வாரங்களுக்குத்தான் செல்லும். அதற்குள் விசா வராவிட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை, இடையில் புதிய வரி ஏதாவது வந்திருந்தால் அதுவும். ஒரே ஆளின் பெயரில் இந்தச் சான்று இரண்டு மூன்று இருந்தால், இரண்டு மூன்று முறை கிளம்பப் பார்த்துக் கெடு தவறியிருக்கிறது என்று பொருள்.

வியன்னாவில் இந்தக் கவுண்டர்களை எல்லாம் 1938 ஆகஸ்டில் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தவர் நாஜி எஸ்.எஸ். அதிகாரி அடோல்ஃப் ஐக்மன். இடம், ரோத்சைல்ட் குடும்பத்திடமிருந்து பறித்த மாளிகை. ஒரு வாசலில் சொத்தோடு நுழைந்தவர் மறுவாசலில் கடவுச்சீட்டோடும் வெளியேற வேண்டிய கெடுவோடும் மட்டும் வந்தார். இதையே பிறகு பெர்லினிலும் பிராகிலும் நகலெடுத்தார்கள்.

கடவுச்சீட்டில் பார்க்க வேண்டியது இரண்டு. 1938 அக்டோபர் 5இல் யூதர்களின் கடவுச்சீட்டுகள் அனைத்தும் செல்லாமல் போயின. சிவப்பு ‘ஜே’ முத்திரை குத்தினால்தான் மறுபடி செல்லும். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே எல்லை பற்றி நடந்த பேச்சின் விளைவு அது. அடுத்தது பெயர். 1939 ஜனவரி 1 முதல் ஆண்கள் ‘இஸ்ரேல்’, பெண்கள் ‘சாரா’ என்று கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ளக் கட்டாயம். குடும்பத்தில் நான்கு சாராக்கள் இருந்ததாக வம்சாவளியில் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது அரசு ஒட்டிய பெயர்; தேடும்போது கழற்றிவிடுங்கள்.

பிறகு சாமான் பட்டியல். வீட்டுச் சாமான்களை 1933க்கு முன் வாங்கியவை, அதற்குப் பிறகு வாங்கியவை, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கியவை என்று பிரித்து, வாங்கிய ஆண்டும் விலையும் போட்டு எழுத வேண்டும். பின்னிரண்டு வகைக்கும் கோல்ட்டிஸ்கோன்ட்பாங்க் என்ற அரசு வங்கிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும்; புதிய சாமானுக்கு அது வாங்கிய விலை அளவுக்கே இருக்கும், சில சமயம் அதற்கு மேலும். வக்கீலும் கடைக்காரரும் வெளிநாட்டில் பிழைக்கத் தையல், பூட்டு வேலை, தோல் வேலை என்று கைத்தொழில் கற்ற காலம் அது. அதற்காக வாங்கிய தையல் இயந்திரத்துக்கு இரண்டு முறை விலை கொடுத்தார்கள். சுங்க அதிகாரி நேரில் நிற்க, ‘லிஃப்ட்’ எனப்பட்ட அறை அளவு மரப்பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி ஹாம்பர்க் போன்ற துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பல பெட்டிகள் துறைமுகக் கிடங்கிலேயே தங்கின; பிறகு நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ பறிமுதல் செய்து ஏலம் விட்டது. சாமான் அனுப்பிய ரசீது இருக்கிறது, பெற்ற ரசீது இல்லை என்றால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். நகையைத் தேட வேண்டாம். 1939 பிப்ரவரி 21 ஆணைப்படி தங்கமும் வெள்ளியும் ரத்தினமும் அரசு அடகுக்கடையில் ஒப்படைக்கப்பட்டன. திருமண மோதிரம், வெள்ளிக் கைக்கடிகாரம், சில கரண்டிகள்தான் மிஞ்சின. கையில் கொண்டுபோகலாம் என்று அனுமதித்த ரொக்கம் ஆளுக்கு 10 மார்க். முடக்கப்பட்ட கணக்கில் இருந்ததை வெளிநாட்டுப் பணமாக மாற்றினால், போர் தொடங்கிய பிறகு நூற்றுக்கு நான்குதான் தேறியது.

உள்ளே விடும் காகிதங்கள்

இந்தப் பக்கம்தான் கூடுதல் சிக்கல், குடும்பங்கள் உடைந்ததும் பெரும்பாலும் இங்கேதான். 1938 ஜூலையில் பிரான்சின் எவியன் ஊரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. கதவைக் கொஞ்சமேனும் திறந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். எல்லோரும் முதலில் போய் நின்றது அமெரிக்கத் தூதரக வாசலில்.

1924 சட்டப்படி அமெரிக்கா ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீடு வைத்திருந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து 27,370. 1939 நடுப்பகுதியில் வரிசையில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் நின்றார்கள். வகுத்துப் பாருங்கள், கடைசியில் நிற்பவருக்குப் பதினோரு ஆண்டு. ஒரு குடும்பம் 1938 மார்ச்சில் எண் எடுத்ததா நவம்பரில் எடுத்ததா என்பதில் உயிர் இருந்தது. அந்த எண் எழுதிய சிறு அட்டை கட்டில் இருந்தால் அதற்குத் தனி உறை போடுங்கள்.

ஒதுக்கீடு குடியுரிமையைப் பார்க்கவில்லை, பிறந்த ஊரைப் பார்த்தது. அந்த ஊர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. போஸனில் பிறந்த தாத்தா பிறவி ஜெர்மானியர். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஊர் போலந்துக்குப் போய்விட்டதால் அவர் போலந்து வரிசை, ஆண்டுக்கு 6,524 இடம். பழைய ஆஸ்திரியப் பேரரசில் இருந்து பிறகு போலந்துக்குப் போன கலீசியாவிலிருந்து சிறுவயதில் வியன்னா வந்து ஐம்பது ஆண்டு வாழ்ந்தவரும் அதே வரிசைதான். புடாபெஸ்ட்டில் பிறந்திருந்தால் 869 இடம். கணவரோடு சேர்ந்து போகும் மனைவியை அவர் ஒதுக்கீட்டில் சேர்க்கலாம். மனைவியின் ஒதுக்கீட்டில் கணவரைச் சேர்க்க வழியில்லை. கூடப் பயணிக்கும் சிறு பிள்ளைகளைப் பெற்றோர் கணக்கில் சேர்க்கலாம். தாத்தா பாட்டியை யார் கணக்கிலும் சேர்க்க முடியாது. அதனால் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊரை அன்றைய பெயர், 1938 நிலவரப்படி நாடு என இரண்டும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். லெம்பர்க், பிரெஸ்பர்க், ப்ரூன் என்றெல்லாம் வரும். இன்றைய பெயர்கள் லிவீவ், பிராட்டிஸ்லாவா, ப்ர்னோ.

அடுத்தது முன்னுரிமை. அமெரிக்கக் குடிமகனின் பெற்றோருக்கு முன்னுரிமை உண்டு. குடிமகன் ஆகாமல் சட்டப்படி குடியேறியிருப்பவருக்கோ மனைவி, திருமணமாகாத சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும். குடியுரிமை கிடைக்க ஐந்து ஆண்டு வேண்டும். 1938இல் நியூயார்க்கில் இறங்கிய மகன் 1939இல் மனைவி பிள்ளைகளை முன்னுரிமையில் அழைக்கலாம், அம்மாவை 1943 வரை அழைக்க முடியாது. ‘நீ முதலில் போ, பிறகு எங்களைக் கூப்பிடு’ என்று ஆண்களை அனுப்பியது விவரம் தெரியாமல் எடுத்த முடிவல்ல. சட்டத்தைப் படித்தவர்கள் போட்ட சரியான கணக்கு. போர் குறுக்கே வந்தது.

அமெரிக்காவில் இருப்பவர் ஒருவர் ‘இவர் அரசுக்குப் பாரமாக மாட்டார், நான் பொறுப்பு’ என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். பொதுவாக இருவர் தருவார்கள். ஆறு படிகள், கூடவே வருமான வரிக் கணக்கின் சான்றிட்ட நகல், வங்கிக் கடிதம். விண்ணப்பத்துக்கு ஐந்து படிகள், பிறப்புச் சான்று, காவல்துறை நடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, நாட்டைவிட்டுப் போக அனுமதி, பதிவு செய்த கப்பல் பயணத்துக்கு அத்தாட்சி. எங்கே உடைந்தது? பெரும்பாலும் பொறுப்பேற்றவரின் வருமானத்தில். நியூயார்க்கில் வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பியின் கையெழுத்து நால்வருக்குப் போதாது. வசதியான அறிமுகக்காரர் தந்தால், சொந்தமில்லாதவர் ஏன் தாங்க வேண்டும் என்று அதிகாரி சந்தேகப்பட்டார். ஒருவருக்குப் போதும் நால்வருக்குப் போதாது என்று வந்தபோது, அந்த ஒருவர் யார் என்று வீட்டில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தாலும், வரிசை எண் வருவதற்குள் வரிக் கணக்கு பழசாகிவிடும், புதிது கேட்பார்கள்.

கையில் விசா கிடைத்தால் நான்கு மாதம் செல்லும். அதற்குள் கப்பல். போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கப்பல் போயிற்று. 1940 மே மாதத்தோடு டச்சுக் கப்பல், ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியக் கப்பலும் போயிற்று. மிஞ்சியது லிஸ்பன். அங்கே போகப் பிரான்சிலிருந்து வெளியேறும் விசா, ஸ்பெயின் வழிவிசா, போர்ச்சுகல் வழிவிசா. கப்பல் சீட்டைக் காட்டாமல் போர்ச்சுகல் தராது, போர்ச்சுகல் தராமல் ஸ்பெயின் தராது. கடைசிக் காகிதம் வருவதற்குள் முதல் காகிதம் காலாவதியாகும். ஒரு கடவுச்சீட்டில் ஒரே நாட்டின் வழிவிசா இரண்டு முறை இருந்தால் அந்தச் சுழலில் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

இந்தச் சுழலுக்குப் பலரும் அறிந்த ஒரு குடும்பமே சான்று. நாட்குறிப்பால் அறியப்பட்ட சிறுமி ஆன் ஃபிராங்க்கின் அப்பா ஓட்டோ 1933இலேயே ஜெர்மனியைவிட்டு ஆம்ஸ்டர்டாம் போனவர். 1938இல் ராட்டர்டாமிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் பெயர் பதிந்தார். 1940 மே 14 ஜெர்மன் குண்டுவீச்சில் அங்கிருந்த காத்திருப்போர் காகிதங்கள் அழிந்தன. 1941 ஏப்ரல் இறுதியில், அமெரிக்க அரசுப் பதவியில் இருந்த தன் கல்லூரி நண்பர் நேதன் ஸ்ட்ராஸுக்கு உதவி கேட்டு எழுதினார். மனைவியின் இரண்டு சகோதரர்கள் ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்து பொறுப்பேற்க முன்வந்தார்கள். ஜூனில், ஜெர்மன் ஆட்சிப் பகுதியில் நெருங்கிய உறவினரை விட்டுவருபவர்களுக்கு விசா மறுக்கும் விதி வந்தது. ஜூலையில் அங்கிருந்த அமெரிக்கத் தூதரகங்களே மூடப்பட்டன. பிரமாணப் பத்திரங்களைப் புதிய படிவத்தில் வாஷிங்டனுக்கு முதலிலிருந்து அனுப்ப வேண்டும் என்றானது. கியூபாவுக்கு முயன்றார். டிசம்பர் 1ஆம் தேதி ஓட்டோ ஒருவருக்கு மட்டும் விசா கிடைத்தது. பத்து நாளில் ஜெர்மனி அமெரிக்காமீது போர் அறிவிக்க, அதுவும் ரத்து. பணமும் படிப்பும் அமெரிக்கச் சொந்தமும் பெரிய இடத்து நண்பரும் எல்லாம் இருந்த குடும்பம் இது. இவர்களுக்கே இப்படி என்றால், ‘முன்கூட்டியே கிளம்பியிருக்கலாமே’ என்று சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீடு உடைந்த விதம்

1938 நவம்பர் 10ஐ ஒட்டிய நாள்களில் ஏறத்தாழ 30,000 யூத ஆண்களைப் பிடித்து டாஹாவ், புஹன்வால்ட், சாக்ஸன்ஹவுசன் முகாம்களில் அடைத்தார்கள். நாட்டைவிட்டுப் போவதற்கான காகிதத்தைக் காட்டினால் விடுதலை. அதைத் தேடி அலைந்தது மனைவிமார். எந்த நாடாக இருந்தாலும் சரி, உடனே கிடைக்க வேண்டும். ஷாங்காய் அதனால்தான் வந்தது. அந்தத் துறைமுகத்தில் இறங்க விசா கேட்பதில்லை. ஆனால் முகாமிலிருந்து விடுவிக்க ஒரு காகிதம் வேண்டுமே. வியன்னாவின் சீனத் தூதரக அதிகாரி ஹோ ஃபெங்ஷான் தாராளமாக எழுதித் தந்த விசாக்கள் அப்படிப் பலரை மீட்டன. இத்தாலியின் லாய்ட் திரியெஸ்தினோ கப்பல்கள் திரியெஸ்தேயிலிருந்தும் ஜெனோவாவிலிருந்தும் கிளம்பி சூயஸ், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகப் போயின. பயணச்சீட்டை ஜெர்மன் மார்க்கிலேயே வாங்கலாம் என்பது பெரிய வசதி. விடுதலையானவருக்குக் கெடு சில வாரம். கப்பலில் ஓரிடம்தான் கிடைத்தது என்றால் அவர் தனியாகப் போனார். 1939 ஆகஸ்டிலிருந்து ஷாங்காயிலும் கட்டுப்பாடு வந்தது, பின்தங்கிய மனைவிக்கு அதே வழி திறந்திருக்கவில்லை.

பிரிட்டன் ஒரே குடும்பத்தை மூன்று சன்னல்களில் வாங்கியது. முகாமிலிருந்து வந்த ஆண்களுக்குக் கென்ட் மாகாணத்தில் சாண்ட்விச் ஊருக்கு அருகில் கிச்சனர் முகாம். 1939 பிப்ரவரியிலிருந்து ஏறத்தாழ 4,000 பேர். பெண்களுக்கு வீட்டு வேலை அனுமதி. சுமார் 20,000 பேர் அப்படி வந்தார்கள், வியன்னாவில் சொந்த வீட்டில் வேலைக்காரி வைத்திருந்தவர்கள் உட்பட. பிள்ளைகளுக்குக் கிண்டர்ட்ரான்ஸ்போர்ட், அதாவது பெற்றோர் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் கொண்டுவந்த ஏற்பாடு. வேலை கொடுத்த வீட்டில் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால், தாய் ஒரு ஊரிலும் குழந்தை இன்னொரு ஊரிலுமாக ஒரே நாட்டுக்குள் பிரிந்திருந்தவர்கள் ஏராளம்.

கிண்டர்ட்ரான்ஸ்போர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சுற்றி உணர்ச்சிப் பேச்சு மிகுதி, விவரம் குறைவு. முதல் குழு பெர்லினிலிருந்து 1938 டிசம்பர் 2இல் ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. வியன்னாவின் முதல் ரயில் டிசம்பர் 10இல் 600 பிள்ளைகளோடு கிளம்பியது. ஐக்மனிடம் நேரில் பேசி அனுமதி வாங்கியவர் டச்சுப் பெண்மணி கெர்ட்ரூடா வைஸ்முல்லர். வயது 17க்குக் கீழ். பெற்றோர் கூடாது. ஆளுக்குக் கைப்பெட்டி, தூக்க முடிந்த அளவு. பணம் 10 மார்க். விலையுயர்ந்த பொருள் கூடாது. கழுத்தில் எண் அட்டை. கடவுச்சீட்டுக்குப் பதில் ஒரு அடையாளத் தாள். ரயிலில் ஹாலந்து, அங்கே ஹுக் துறைமுகத்தில் கப்பல், ஹார்விச், பிறகு லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் அல்லது ஆள் கிடைக்கும்வரை டோவர்கோர்ட் கோடைவிடுதி. 1939இல் பிள்ளைக்கு 50 பவுண்டு பிணைத்தொகை கேட்டார்கள். பிறகு திரும்பவோ வேறு நாட்டுக்குப் போகவோ ஆகும் செலவுக்கு அது. அதாவது இவர்கள் தற்காலிக விருந்தாளிகள் என்றே அரசு நினைத்தது. அக்கா 17 தாண்டியிருந்தால் தம்பி மட்டும் போனான். ஒரே ரயிலில் போன உடன்பிறப்புகளையும், ஒரு குழந்தையைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற வீடுகள் பிரித்தன. ஏறத்தாழ 10,000 பேர் இப்படி வந்தார்கள். பிராகிலிருந்து நிக்கலஸ் வின்டனும் தோழர்களும் 669 பேரை அனுப்பினார்கள். 1939 செப்டம்பர் 1ஆம் தேதிக்கென்று ஏற்பாடான, 250 பிள்ளைகளுக்கான ரயில் போர் தொடங்கியதால் கிளம்பவில்லை.

பிரிட்டனில் சேர்ந்தவர்களும் சேர்ந்தே இருக்கவில்லை. 1940 மே, ஜூனில் அகதி ஆண்களையே ‘எதிரி நாட்டவர்’ என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவுக்கும், சிலரைக் கனடாவுக்கும், ஜூலையில் டுனேரா கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே கதைதான். பம்பாயில் 1934இல் யூத நிவாரணச் சங்கம் தொடங்கி, பிணை தேடித் தந்து சிலரை வரவழைத்தது. போர் வந்ததும் அந்த அகதிகளில் பலரையே அரசு அடைத்துவைத்து விசாரித்தது. அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்தவராகச் சொல்லப்படும் வால்டர் காஃப்மன் பம்பாய்க்கு வந்து சேர்ந்த அகதிதான்.

எந்தச் சன்னலும் திறக்காதது முதியவர்களுக்குத்தான். வேலை அனுமதிக்கு வயது போதாது என்றில்லை, கூடிவிட்டது. பிணை தர யாரும் இல்லை. உளப்பகுப்பாய்வின் தந்தை ஃப்ராய்டின் வீட்டைப் பாருங்கள். உலகப் புகழ், அமெரிக்கத் தூதர்களின் தலையீடு, கிரேக்க இளவரசி மரீ போனபார்ட்டின் பணம். 31,329 மார்க் வரி கட்டி 1938 ஜூன் 4இல் வியன்னாவை விட்டார். எழுபது தாண்டிய நான்கு தங்கைகளுக்குச் செலவுக்குப் பணம் வைத்துவிட்டுத்தான் போனார். பின்னால் பிரான்சுக்கு அழைக்க இளவரசி எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 1942இல் நால்வரையும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார்; மற்ற மூவரும் கிழக்கே கொலைமுகாமுக்குப் போனார்கள். 1941 அக்டோபரில் யூதர்கள் வெளியேறவே தடை விழுந்தபோது மிஞ்சியிருந்தவர்களில் பெண்களும் முதியவர்களுமே அதிகம்.

இப்போது கடிதங்கள்

தேதித்தாள் தயாரான பிறகு கடிதங்களைப் பிரியுங்கள். உறைகளை எறியாதீர்கள். தணிக்கை ஒட்டுத்தாள், அஞ்சல் முத்திரை, இடைவழி ஊர் எல்லாம் உறையில்தான் இருக்கும். பலர் கடிதங்களுக்கு வரிசை எண் போட்டார்கள், எது வராமல் போனது என்று தெரிந்துகொள்ள. முதியவர்கள் எழுதியது பழைய ஜெர்மன் சாய்வெழுத்தில் இருக்கும். ஜெர்மன் தெரிந்தவர்க்கே பழகாமல் படிக்க வராது. தணிக்கைக்குப் பயந்து எழுதியதால் நலம் விசாரிப்புதான் மேலே தெரியும்; ‘மாமா உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார்’ என்பது கைதைக் குறிக்கலாம், குறிக்காமலும் போகலாம். தேதித்தாளோடு ஒத்துப்பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நேரடி அஞ்சல் நின்ற பிறகு பெரும்பாலோருக்குச் செஞ்சிலுவைப் படிவம்தான் வழி. 25 சொல், குடும்பச் செய்தி மட்டும். ஜெனீவா வழியாகப் போகும், பதில் பின்பக்கத்தில் வரும், மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு படிவத்தில் மூன்று தேதிகள் இருக்கும்: அனுப்பியது, ஜெனீவா முத்திரை, பதில் எழுதியது. கடைசியாக உயிரோடு இருந்ததற்குச் சான்று மூன்றாவது தேதி, முதலாவதல்ல. ‘பயணம் கிளம்புகிறோம்’, ‘முகவரி மாறுகிறது’ என்று பதில் இருந்தால், அந்தத் தேதியை ஒட்டி அந்த ஊரிலிருந்து கிளம்பிய நாடுகடத்தல் ரயில்களைப் பாருங்கள்.

எங்கே எதைக் கேட்பது

ஜெர்மனியில் பாட் அரோல்சன் ஊரிலுள்ள அரோல்சன் காப்பகத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே முகாம், நாடுகடத்தல், போருக்குப் பிந்தைய தேடல் அட்டைகள் உள்ளன. வியன்னாக் குடும்பம் என்றால் ஆஸ்திரிய எதிர்ப்பியக்க ஆவணக் காப்பகத்தின் பெயர்ப் பட்டியலும், ஆஸ்திரிய அரசு காப்பகத்தில் உள்ள 1938 சொத்துப் பதிவும். வியன்னா யூத சமூக நிர்வாகம் 1938இல் நிரப்பச் சொன்ன வெளியேறல் படிவமும் கிடைத்தால் நல்லது. எந்த மொழி தெரியும், என்ன தொழில், எந்த நாடு விருப்பம், வெளிநாட்டில் யார் சொந்தம் என்பது குடும்பத் தலைவரின் கையெழுத்திலேயே இருக்கும். பெர்லின் என்றால் பிராண்டன்பர்க் மாநிலக் காப்பகத்தின் நிதித்துறைக் கோப்புகள். நாடுகடத்துவதற்குமுன் நிரப்பவைத்த பல பக்கச் சொத்து அறிக்கை அங்கே இருக்கும். பிரிட்டனில் அடைத்துவைக்கப்பட்டவர்களின் அட்டைகள் கியூவிலுள்ள தேசியக் காப்பகத்தில்.

பிழைகள் வரும் இடங்கள்: இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாட் வாஷெமின் சாட்சித் தாள்கள் உறவினர் நினைவிலிருந்து எழுதியவை. இறந்த இடம் ‘ஆஷ்விட்ஸ்’ என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். நாடுகடத்தல் பட்டியல் மின்ஸ்க் அருகிலுள்ள மாலி த்ரோஸ்தினெட்ஸ் என்று சொல்லும். பட்டியலை நம்புங்கள். வியன்னாவில் ‘கடைசி முகவரி’ என்று லியோபோல்ட்ஷ்டாட் பகுதியின் தெரு ஒன்று வந்தால் அது குடும்பத்தின் வீடாக இருக்கத் தேவையில்லை. வீடு பறிபோன குடும்பங்களை அறைக்கு ஒன்றாக அடைத்த இடமாக இருக்கலாம். உண்மையான வீட்டுக்கு 1938க்கு முந்தைய லேமன் முகவரிப் புத்தகத்தைப் பாருங்கள், இணையத்தில் இருக்கிறது. 4.7.1938 என்பது ஐரோப்பியக் காகிதத்தில் ஜூலை 4, அமெரிக்கப் படிவத்துக்கு மாறும்போது ஏப்ரல் 7 ஆகிவிடும். உங்கள் விண்ணப்பங்களில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

சந்ததியினர் இந்தக் காகிதங்களைத் தேட இப்போது இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 116ஆம் பிரிவு பறிக்கப்பட்ட குடியுரிமையைத் திரும்பக் கேட்க வழி தருகிறது. ஆஸ்திரியாவும் 2020 செப்டம்பரிலிருந்து நேர்வழிச் சந்ததியினரை அனுமதிக்கிறது. அங்கே கேட்பதும் பிறப்பு, திருமணச் சான்றுகளின் சங்கிலிதான். பெயர் ஆங்கிலப்படுத்தப்பட்டிருந்தால் மாற்றிய ஆணையையும் சேர்த்து வையுங்கள். அது இல்லாமல் சங்கிலி அறும்.

அமெரிக்கா சேர்ந்தவர் ஒருவராவது இருந்தால் கப்பல் பயணிகள் பட்டியலைத் தவற விடாதீர்கள். பெரும்பாலோர் இடப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டியல் இரண்டு பக்கம் விரியும். பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியது யார், யாரிடம் போய்ச் சேர்கிறார் என்பதோடு, கிளம்பிய நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் ஒரு கட்டத்தில் இருக்கும். பெரும்பாலும் தாயோ தகப்பனோ. தேடலை அந்த முகவரியிலிருந்து தொடங்கலாம்.